கச்சான் காலத்துக் கார்ப் பயணங்கள்

திருகோணமலையிலே கோடையைக் காற்றைக்கொண்டு அறிவார்கள். கொழும்பிலும் காலியிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டுகின்ற வைகாசி, ஆனி மாதங்களில், மலைநாட்டைத் தாண்டும்போதே தன் ஈரத்தையெல்லாம் இறக்கிவைத்துவிட்ட அந்தக் காற்று, கிழக்குக் கரைக்கு வெறும் வெக்கையாக வந்து சேர்கிறது. அதற்குக் கச்சான் என்று பெயர். வறுத்த நிலக்கடலையையும் நாங்கள் கச்சான் என்றுதான் சொல்கிறோம். ஆகவே கச்சான் காலத்திலே கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு கடற்கரையில் இருப்பது என்பது இவ்வூரில் ஒரே சொல்லை இரண்டு முறை அனுபவிப்பதாகும்.

கரையிலே புல் கருகும் இந்த நாள்களில் கடலோ குளம்போல அடங்கிக் கிடக்கும். மேற்குக் கரையிலே கடல் கொந்தளிப்பதால் தொழில் இழந்த நீர்கொழும்பு, சிலாபம் மீனவர்கள் வள்ளங்களோடு இங்கு வந்து வாடி அமைத்துத் தங்கும் காலமும் இதுதான். பள்ளிக்கூடத்துக்கு ஆவணி விடுமுறை விடும் காலமும் இதுதான். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரையிலான இந்த ஐந்து மாதங்களே திருகோணமலையின் பயணக் காலம். மழை தொடங்கிவிட்டால் ஆறுகள் பெருகும், துறைகள் மூடும், அவரவர் ஊரிலே அவரவர் இருந்துவிட வேண்டியதுதான்.

காலையிலே கட்டுச்சோற்றோடு காரில் புறப்பட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகின்ற ஒருநாட் பயணத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். இது என்ன பெரிய வரலாறு என்று சிலர் கேட்கலாம். மன்னர்களும் தளபதிகளும் திருகோணமலைக்கு வந்த வரலாறு நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. 1624-ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீன் டீ சா கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கற்களாலேயே கோட்டை கட்டியதும், 1639-இல் ஒல்லாந்தர் அதனைப் பிடித்ததும், 1782-இல் ஒரே ஆண்டுக்குள் ஆங்கிலேயர் கைக்கும் பின்னர் பிரெஞ்சுக்காரர் கைக்குமாக அது மாறியதும், 1795-இல் மீண்டும் ஆங்கிலேயர் கொண்டதும் பாடப்புத்தகத்திலேயே உண்டு. ஆனால் இந்த மாவட்டத்தில் வாழ்கின்ற ஒருவர், வாழ்ந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம் போய் அன்றைக்கே திரும்பி வரலாம் என்பதை யார் யார் தீர்மானித்தார்கள் என்ற வரலாறு எழுதப்படவில்லை.

மத்தியதரைக் கடலிலே மால்ரா என்றொரு தீவு இருக்கிறது. திருகோணமலையைப் போலவே ஆங்கிலக் கடற்படையின் பெருந்தளமாக விளங்கிய தீவு. பக்கத்துத் தீவுகளையும் சேர்த்து அதன் பரப்பு 316 சதுர கிலோமீற்றர். கோடையிலே அங்கு போகின்றவர்கள் வாடகைக்கு ஒரு கார் எடுத்து, காலையில் கிளம்பி, கோயில்களையும் கோட்டைகளையும் குடாக்களையும் பார்த்துவிட்டு, மாலையிலே புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வார்கள். திருகோணமலை மாவட்டமோ 2,700 சதுர கிலோமீற்றருக்கு மேலே. தீவல்ல, ஆனாலும் தீவைக் காட்டிலும் நீரால் துண்டுபட்ட நிலம். உள்துறைமுகம், தம்பலகாமக் குடா, கொட்டியாரக் குடா, உப்பாறு, மகாவலி, வெருகலாறு என்று நீர் எங்கும் குறுக்கே நிற்கும். கண்ணுக்கு எதிரே தெரிகின்ற மூதூருக்குக் காரிலே போக வேண்டுமானால் அரை நாள் சுற்ற வேண்டியிருந்தது. லோஞ்சிலே போனால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. அந்த லோஞ்சு காரை ஏற்றாது.

1927-இல் புகையிரதம் வந்தபோதுதான் திருகோணமலை வெளியுலகத்தோடு உறுதியாகப் பிணைக்கப்பட்டது. கார் அதற்கு முன்பே வந்துவிட்டது என்றாலும், அது துரைமாரின் பொருளாக இருந்தது. நடுத்தரக் குடும்பங்களின் கைக்குக் கார் வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்தான். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ நாற்பது, ஹில்மன், பேஜோ. இவற்றின் பெயர்கள் ஒரு தலைமுறைக்கு உறவினர் பெயர்களைப் போல. அறுபதுகளிலே அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. 1977 வரையில் புதுக் கார் என்பது பெரும்பாலும் கனவாகவே இருந்தது. ஆகவே இருந்த கார்களை ஒட்டியும் கட்டியும் ஓட்டினார்கள். ஆசிரியர், எழுதுவினைஞர் குடும்பங்களில் கார் இல்லாதவர்களே மிகுதி. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு வாடகைக் காரைப் பேசிக்கொள்வது வழக்கம். நான்கு பேருக்கான காரிலே பிள்ளைகளோடு பத்துப் பேர் ஏறுவதும் வழக்கம்தான். முன்னிருக்கையில் மூத்தவர், மடியிலே கடைக்குட்டி, கால்மாட்டிலே சோற்றுப்பெட்டியும் தண்ணீர்க்குடமும்.

முதற்பயணம் பெரும்பாலும் ஊருக்குள்ளேயேதான். பிரெட்றிக் கோட்டை வாசலுக்குள் நுழைந்து, மான்கள் மேய்கின்ற பாதையால் ஏறிக் கோணமலை உச்சிக்குப் போவது. 1950-இல் நகரசபையார் கிணறு வெட்டியபோது, போர்த்துக்கேயர் காலத்திலே புதைத்து மறைக்கப்பட்ட சோமாஸ்கந்தர் முதலான செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956-இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலுக்குள் மூழ்கிப் பழைய கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டார்கள். விஞ்ஞானக் கதை எழுதுகின்ற கிளார்க் அதைப் பற்றி அடுத்த ஆண்டே ஒரு நூல் எழுதினார். வில்சனோ பிற்காலத்தில் உலகத்தைத் துறந்து சுவாமி சிவகல்கி ஆனார். கடலுக்கடியில் கண்டது ஒருவருக்கு நூலாயிற்று, மற்றவருக்குத் துறவாயிற்று. 1963-இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது.

மலையிலிருந்து இறங்கினால் நகரத்தின் நடுவிலே பழைய ஆங்கிலச் சேமக்காலை. அங்கே ஒரு கல்லறை இருக்கிறது. இலக்கிய நேயர்கள் அவசியம் தெரிந்திருக்க வேண்டியது. கடற்படைத் தளபதி சாள்ஸ் ஒஸ்ரின், 1852-ஆம் ஆண்டு பர்மாவின் ஐராவதி ஆற்றிலே நோயுற்று இறந்தவர், இங்கே அடக்கம் செய்யப்பட்டார். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி இவர். இளம் வயதிலே போர்ப் பரிசாகக் கிடைத்த பணத்தில் தன் சகோதரிகளுக்குப் புஷ்பராகச் சிலுவைகளும் பொற்சங்கிலிகளும் வாங்கிக்கொடுத்தார். அந்த நிகழ்ச்சியே பின்னர் அம்மையாரின் 'மான்ஸ்பீல்ட் பார்க்' நாவலில், மாலுமி அண்ணன் தங்கைக்குக் கொடுக்கும் சிலுவையாக இடம்பெற்றது. நமது எழுத்திலே காரும் ஒஸ்ரின்தான், அம்மையாரும் ஒஸ்ரின்தான். ஒஸ்ரினில் ஏறி ஒஸ்ரினின் தம்பியைப் பார்க்கப் போகக்கூடிய ஊர் உலகத்தில் வேறு உண்டோ தெரியாது.

வடக்குத் தெருவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அதனை எல்லோரும் அறிவார்கள். உப்புவெளி, உலகப் போரிலே மாண்டவர்களின் மயானம், நிலாவெளி, எதிரே புறாத்தீவு. எழுபதுகளில் ஹோட்டல்கள் எழுந்து, ஐரோப்பியர்கள் கச்சான் வெயிலைத் தேடி வரத்தொடங்கிய கரை அது. நாம் தப்பியோடுகின்ற வெயிலை அவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று கரைவலைக்காரர்கள் சிரித்ததுண்டு. 2003-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவிலே, ஆங்கிலேயர் காலத்தில் கடற்படை துப்பாக்கிப் பயிற்சி செய்தது. பவளப் பாறைகளுக்கு அது முதல் அடி. அதற்கு அப்பால் குச்சவெளி, திரியாய். திரியாய் மலையிலே வட்டதாகைச் சிதைவுகளும், பல்லவ கிரந்த எழுத்தில் பொறித்த சமஸ்கிருதக் கல்வெட்டும் உண்டு. கடல் வணிகர்களின் பெயரைச் சொல்லுகின்ற அந்தக் கல்வெட்டும், மலையடியிலே வயலும் குளமுமாக இருந்த தமிழ்க் கிராமமும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. மறுப்பு பின்னாளில் மனிதர் கொண்டுவந்தது. 1985-இல் அந்தக் கிராமம் எரிந்தது. மக்கள் இடம்பெயர்ந்து, நெடுங்காலம் வயலுக்குத் திரும்ப முடியாதிருந்தார்கள்.

மேற்கே கன்னியா. நகரத்திலிருந்து ஐந்து மைல். ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு சூடு. இராவணன் தன் தாய்க்கு அந்திமக் கிரியை செய்ய வந்த இடம் என்பது ஐதிகம். தாய் தந்தையரை இழந்தவர்கள் இன்றும் அந்தியேட்டிக் கிரியைக்கு அங்கே போவார்கள். ஆகவே கன்னியாவுக்குப் போகும் காரிலே இரண்டு வகையான குடும்பங்கள் இருக்கும். ஒன்று சிரித்துக்கொண்டு, மற்றது அழுதுகொண்டு. கிணற்றடியிலே இரண்டும் ஒரே வாளியால் குளிக்கும். குழந்தைகள் முதற்கிணற்றுக்கும் ஏழாங்கிணற்றுக்கும் ஓடியோடிச் சூடு பார்ப்பார்கள். மொட்டையடித்த ஒருவர் ஈர வேட்டியோடு மரத்தடியில் மௌனமாக இருப்பார். போருக்குப் பின்னர் இவ்விடம் தொல்லியல் திணைக்களத்தின் கைக்குப் போயிற்று. கிணறுகளுக்கு அருகிலிருந்த பிள்ளையார் கோயில் அத்திவாரத்தின் மேலே என்ன எழுப்புவது என்ற தகராறு முற்றி, 2019 ஆடி மாதத்திலே பெரும் போராட்டமாகி, நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று. இந்தக் கிணறுகள் யாருடையவை என்ற கேள்வியை அங்கே குளிக்கப்போன யாரும் அதற்கு முன்னர் கேட்டதாக நான் அறியேன். சுற்றுலாத் தலம், யாத்திரைத் தலம், தொல்லியல் தலம் என்ற மூன்று பெயர்ப்பலகைகளும் ஒன்றல்ல. எந்தப் பலகையை நாட்டுகிறோம் என்பதைப் பொறுத்து, வருகின்றவர் உரித்தாளராகிறார் அல்லது விருந்தாளியாகிறார்.

கந்தளாய் வரையில் போகின்றவர்கள் குளக்கட்டிலே வாடிவீட்டுக்கு அருகில் சோற்றுப்பொதியைப் பிரிப்பார்கள். குளக்கோட்டன் கோணேசர் கோயில் வயல்களுக்காகக் கட்டியது என்று கோணேசர் கல்வெட்டு மரபு சொல்லும். அனுராதபுர மன்னர்களோடு சேர்த்துச் சிங்கள வரலாறு சொல்லும். பன்னிரண்டாம் நூற்றாண்டிலே, பராக்கிரமபாகுவோடு போரிட்டுக் களைத்த இரண்டாம் கஜபாகு மன்னன் தன் இறுதி நாள்களை இந்தக் குளக்கரையிலே கழித்தான் எனச் சூளவம்சம் கூறும். காற்று வாங்க வந்தவர்களில் முதல்வன் அவன்தான் போலும். 1986 ஏப்ரல் 20-ஆம் திகதி அதிகாலையில் இந்தக் கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனது.

இவையெல்லாம் தார்த்தெருவால் நேரே போய்த் திரும்பும் பயணங்கள். தெற்கே போவதுதான் உண்மையான பயணம்.

மட்டக்களப்புத் தெருவிலே காரோட்டியவர்களுக்குப் 'பாதை' என்றால் தெரு அல்ல. தமிழ்நாட்டு நண்பர்கள் இதைக் கேட்டுக் குழம்புவதுண்டு. கிழக்கிலங்கையிலே பாதை என்பது, மிதவைகளின் மேல் பலகை அடித்து, கார், வண்டி, மாடு, மனிதர் எல்லாவற்றையும் ஏற்றி நீரைக் கடக்கும் மிதவைத்தட்டு. தெரு முடிகின்ற இடத்திலே பாதை தொடங்கும். அந்தச் சொற்பொருத்தத்தை எந்தப் புலவர் செய்தாரோ. கிண்ணியாவிலே ஒரு பாதை. உப்பாற்றிலே ஒன்று. கங்கையிலே ஒன்று. இறால்குழியிலே ஒன்று. அப்பால் வெருகலிலே ஒன்று. ஒவ்வொரு துறையிலும் கார் வரிசையாக நிற்கும். அக்கரையிலே இருக்கும் பாதை இக்கரைக்கு வரவேண்டும்; வந்தாலும் முதலிலே அரசாங்க வாகனம் ஏறும், பிறகு பஸ் ஏறும், பிறகுதான் நம் முறை. ஒரு தடவைக்கு இரண்டு மூன்று வாகனங்கள்தான்.

ஆகவே தெற்குப் பயணத்தின் பெரும்பகுதி காத்திருத்தலாகவே கழிந்தது. துறையடியிலே தேநீர்க் கடை இருக்கும். கிண்ணியாத் துறையிலே முஸ்லிம் கடைக்காரர். காத்திருப்பவர்களிலே வெருகல் முருகனுக்கு நேர்த்திக்கடன் கொண்டுபோகும் தமிழர். சேருவிலைத் தாதுகோபத்துக்கு வெள்ளுடுத்திப் போகும் சிங்களவர். தோப்பூருக்குக் கலியாணப் பெண்ணோடு போகும் முஸ்லிம்கள். ஒரு மணி நேரம் ஒரே நிழலில் நிற்க வேண்டியிருந்தால் மனிதர்கள் பேசாமலிருக்க மாட்டார்கள். வத்தகப்பழம் ஒன்றை வெட்டினால் அது மூன்று மொழிக்கும் பங்காகும். பழைய காலத்தை இப்படிச் சொல்லும்போது அதனை இனிப்பாக்கிவிடுகின்ற ஆபத்து எனக்குத் தெரியும். அந்தத் துறைகளிலே மருத்துவமனைக்குப் போய்ச் சேராமல் இறந்த கர்ப்பிணிகளும் உண்டு. சுற்றுலாக்காரனுக்கு இளைப்பாறலாக இருந்த ஒரு மணி நேரம் நோயாளிக்கு அப்படி இருக்கவில்லை.

மூதூரை அடைந்தால், அங்கே வெள்ளைக்காரன் மரம் என்று ஆங்கிலக் கல்லிலே பொறிக்கப்பட்ட புளியடி. 1659 கார்த்திகையிலே மசூலிப்பட்டினத்துக் கரையில் புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், மரம் வெட்டிப் பழுது பார்க்கவும் சிறிது வியாபாரம் செய்யவும் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் திசாவை படையோடு வந்து, கப்பற்றலைவனையும் கூட வந்தவர்களையும் 1660 சித்திரையிலே பிடித்துக்கொண்டான். தலைவனின் மகன், இருபது வயது நிரம்பாத றொபேட் நொக்ஸ்.

கப்பலை ஆற்றுக்குள் கொண்டுவரச் சொல்லி மகனைத் தூது அனுப்பும்படி திசாவை தந்தையிடம் கேட்டான். தந்தை மகனிடம் இரகசியமாகச் சொன்னது வேறு: கப்பலைக் கொண்டுவர வேண்டாம் என்று சொல், சொல்லிவிட்டு நீ என்னிடம் திரும்பி வந்துவிடு. மகன் கப்பலேறினான், சொன்னான், திரும்பி வந்தான். கப்பலிலேயே இருந்திருந்தால் தப்பியிருப்பான். இதை நொக்ஸ் பெருமையடிக்காமல் எழுதியிருக்கிறான். அடுத்த ஆண்டு தந்தை காய்ச்சலில் இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டி நாட்டிலே சிறையில்லாச் சிறையிருந்து, தொப்பி பின்னி விற்று, நெல் வட்டிக்குக் கொடுத்து வாழ்ந்து, 1679-இலே அனுராதபுரக் காட்டு வழியாக அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். 1681-இலே லண்டனில் அவனுடைய நூல் வந்தது. டானியல் டீபோ அதனைப் படித்தவர். 1720-இல் வெளியிட்ட 'கப்டன் சிங்கிள்டன்' நாவலிலே நொக்ஸின் கதையையே எடுத்துச் சேர்த்திருக்கிறார். அதற்கு முந்திய ஆண்டு வந்த 'றொபின்சன் குறூசோ'விலும் இந்தச் சிறையிருப்பின் சாயல் உண்டென்று ஆய்வாளர் சொல்வர். அப்படியானால் உலகப் புகழ்பெற்ற தனித்தீவுக் கதையின் ஒரு வேர் மூதூர்ப் புளியடியில் இருக்கிறது.

மூதூருக்கு வந்து மாலைக்குள் திரும்ப எண்ணிய முதல் ஆங்கிலப் பயணிக்குத் திரும்ப இத்தனை ஆண்டு பிடித்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் வேடிக்கையாகச் சொல்லிவிட்டுக் கடந்து போகக் கூடாத ஒன்றும் இருக்கிறது. கொட்டியாரத்தைப் பற்றி உலகம் அறிந்தது அங்கே அகப்பட்டுக்கொண்ட ஓர் அந்நியனின் எழுத்தால்தான். அங்கே பிறந்தவர்கள் எழுதியது எவ்வளவு? திருகோணமலை தமிழிலே பின்தங்கிய ஊரல்ல. தமிழின் முதல் வரலாற்று நாவலாகிய 'மோகனாங்கி'யை 1895-இல் எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை இவ்வூரவர். அவரது தமையன் கனகசுந்தரம்பிள்ளை பெரும் பதிப்பறிஞர். 'திருக்கோணாசல வைபவம்' எழுதிய அகிலேசபிள்ளை இவ்வூரவர். கவிஞர் பிரமிள் 1939-இல் இங்கே பிறந்தவர். ஆனால் சரவணமுத்துப்பிள்ளை தம் நாவலுக்குக் களமாகக் கொண்டது நாயக்கர் காலத்துத் தமிழகத்தை. வைபவமும் புராணமும் தலத்தைப் பாடின. தலத்துக்குப் போகும் வழியைப் பாடவில்லை.

விலக்காக ஒருவரைச் சொல்ல வேண்டும். மூதூர் தந்த வ. அ. இராசரத்தினம், 1925-இல் பிறந்து 2001-இல் மறைந்தவர். தனக்கென்று ஒரு தோணி வேண்டும் என்று ஏங்கும் கடலோரத்து ஏழையைப் பற்றிய அவரது 'தோணி'யைப் படித்தவர்கள், கொட்டியாரக் கடலைப் பார்த்தவர்கள் ஆவர். அந்தப் பெயரிலான தொகுதி 1962-இல் வந்து சாகித்திய மண்டலப் பரிசும் பெற்றது. நொக்ஸ் தந்தையிடம் திரும்பி வந்த கரையும் இராசரத்தினத்தின் தோணி ஒதுங்கும் கரையும் ஒரே கரை. முன்னது எத்தனையோ மொழிகளில் இருக்கிறது. பின்னதைத் தேடிப் பிடிக்கப் பழைய நூல்நிலையங்களுக்குப் போகவேண்டியிருக்கிறது.

பிறகு போர். 1983-க்குப் பின்னர் ஒருநாட் பயணம் என்ற சொல்லே வழக்கொழிந்து போயிற்று. சோதனைச் சாவடி, பாஸ், ஊரடங்கு. கோணேசர் கோயிலுக்குப் போவதற்கே கோட்டை வாசலில் பெயர் பதிந்து, பை திறந்து காட்ட வேண்டும். கார் வைத்திருந்தவர்கள் அதனைத் தென்னோலைக் கொட்டிலுக்குள் தள்ளி வைத்தார்கள். 1980-இல் பிறந்த ஒரு திருகோணமலைப் பிள்ளை வெருகலையோ சேருவிலையையோ காணாமலே வாலிபமடைந்தது. நொக்ஸுக்காவது காடு திறந்திருந்தது. 2002 மாசியிலே போர்நிறுத்த உடன்பாடு வந்தபோது, அந்தக் கச்சான் காலத்திலே தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வாகனங்கள் வரிசையாக வந்தன. மறந்துபோன பாதைகளைக் கிழவர்கள் வழிகாட்டினார்கள். அது நீடிக்கவில்லை. 2004 மார்கழி 26-இல் கடல் நிலாவெளியையும் கிண்ணியாவையும் மூதூரையும் அள்ளிக்கொண்டது. 2006 ஆவணியில் மூதூரிலே மீண்டும் சண்டை. அந்நாள்களிலே பிரெஞ்சு நிவாரண அமைப்பொன்றில் பணிசெய்த பதினேழு பேர் அங்கே கொல்லப்பட்டார்கள். சம்பூர் மக்கள் ஊரை விட்டுப் போய் ஏறத்தாழப் பத்தாண்டு முகாம்களில் இருந்தார்கள். கரைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் சம்பூர் தெரியும். போகத்தான் முடியாது.

2009 ஒற்றோபர் 20-ஆம் திகதி கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. சவூதி அரேபியாவின் உதவி. 396 மீற்றர் நீளம். நாட்டிலேயே நீளமான பாலம் என்றார்கள். 2011-க்குள் ஏனைய ஆறுகளிலும் பாலங்கள் வந்து, பாதைகள் ஒவ்வொன்றாகக் கரையேற்றப்பட்டன. ஒரு காலத்திலே அரைநாள் பிடித்த மூதூர்ப் பயணம் முக்கால் மணி நேரம் ஆயிற்று. பாலத்தைக் கடக்க அரை நிமிடம். துறையடித் தேநீர்க் கடைகள் போயின. இதற்காக அழுவது அறிவீனம். பாலம் வந்ததால் பிழைத்த கர்ப்பிணிகள் எத்தனையோ பேர். ஆனால் மூன்று மொழிக்காரரும் காரை விட்டு இறங்கி ஒரு நிழலில் நிற்கவேண்டிய கட்டாயமும் அத்தோடு போயிற்று. இப்போது கண்ணாடியை ஏற்றிவிட்டு, குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு, ஒருவர் ஊரை மற்றவர் கடந்து போகிறோம்.

பாதையின் கதை அதோடு முடிந்ததென்றும் சொல்ல முடியாது. கிண்ணியாவிலேயே குறிஞ்சாக்கேணியில் பழைய பாலத்தை அகற்றிப் புதியது கட்டத் தொடங்கியபோது, மக்கள் கடப்பதற்காக மிதவைப்பாதை ஒன்று மீண்டும் விடப்பட்டது. 2021 கார்த்திகை 23-ஆம் திகதி காலையில் அது கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே இறந்தார்கள். பெரிய பாலம் ஒன்றைத் திறக்கப் பிரமுகர்கள் வருவார்கள். சிறிய பாலம் ஒன்றைக் கட்டி முடிக்கும்வரையில் பிள்ளைகளை எப்படிக் கடத்துவது என்று யாரும் யோசிப்பதில்லை.

அடுத்த ஆண்டு இன்னொரு தடை. 2022-இல் நாடு கடனில் மூழ்கியபோது பெற்றோலுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையிலே நின்றார்கள். பின்னர் கைத்தொலைபேசியிலே கட்டம்கட்டமான குறியொன்றைக் காட்டினால் காருக்குக் கிழமைக்கு இருபது லீற்றர் என்று பங்கீடு வந்தது. திருகோணமலையில் நின்று இதைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. சீனக்குடாக் காட்டுக்குள்ளே, ஆங்கிலக் கடற்படைக்காகக் கட்டிய தொண்ணூற்றொன்பது எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் பத்தாயிரம் தொன்னுக்கு மேல் கொள்ளும். 1942 ஏப்ரல் 9-ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டுபோட்டபோது அவற்றிலொன்று எரிந்து உருகியதைப் பார்த்தவர்கள் வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தாங்கிகளை இந்தியாவும் இலங்கையும் எப்படிப் பகிர்ந்து நடத்துவதென்ற உடன்பாடு 2022 தை மாதத்தில்தான் கையெழுத்தாயிற்று. அந்த ஆண்டுக் கோடையிலேயே, தாங்கிகளுக்குப் பக்கத்துத் தெருவில் வெறும் கலனோடு மக்கள் நின்றார்கள். இருபது லீற்றர் என்பது பழைய மொறிஸ் மைனருக்கென்றால் வெருகலுக்குப் போய்வரப் போதும். மறுநாள் வேலைக்குப் போக என்ன செய்வது என்பதுதான் கேள்வி. 2023 புரட்டாதியில் அந்தப் பங்கீடு நீங்கிற்று.

வரும் கச்சானிலே தெற்கே போக எண்ணும் நேயர்கள் விடியற்காலை ஐந்து மணிக்கே புறப்படுவது நல்லது. பத்து மணிக்குப் பிறகு தார் கண்ணைக் கூச வைக்கும். கிண்ணியாப் பாலத்திலே காரை நிறுத்தக் கூடாது. பாலம் முடிந்ததும் இடப்பக்கத்திலே இறங்கிப் பார்த்தால் பழைய துறையின் கற்படிகள் நீருக்குள் இறங்குவது தெரியும். வெருகலிலே ஆற்றில் குளித்து, முருகனைக் கும்பிட்டு, வெயில் தாழத் திரும்பும் வழியிலே மூதூரில் எருமைத்தயிர் வாங்கலாம். சட்டியை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். காரின் அடியில் வைத்தால் வீடு வருமுன் தளம்பிவிடும்.

அடுத்த கிழமை 'மோகனாங்கி'யோடு சந்திப்போம்.